தனி அடுப்பும் பொது முற்றமும்



மனிதனுக்கு இரண்டு வேட்கைகள் உண்டு. தன் வீட்டில் தன் விருப்பம்போல் இருக்க வேண்டும் என்பது ஒன்று. துன்பம் வந்த வேளையில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர நாலுபேர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று இணங்கிச் செல்வது எளிதன்று. கதவைத் தாழிட்டுக்கொள்ளும் உரிமை முழுவதும் வேண்டும் என்பவனுக்கு, அக்கதவைத் தட்டுவாரும் நாளடைவில் குறைந்து போவர். எல்லாரோடும் கூடியிருக்க விரும்புகிறவன் தன் விருப்பங்களில் சிலவற்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது, எதை விட்டுக்கொடாதிருப்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை ஏட்டளவில் ஆராய வேண்டிய பொருள் என்று எவரும் எண்ண வேண்டா. நமது தருமபுரி மாவட்டத்தில் எந்தச் சிற்றூருக்குச் சென்றாலும் இதன் தேவை கண்ணுக்குத் தெரியும். இளைஞர்கள் வேலை தேடிப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் சென்றுவிட்டனர். வீட்டில் எஞ்சியிருப்போர் முதியோர் இருவர். சில வீடுகளில் ஒருவரே. இரவில் மார்பு வலித்தால் மகனுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். ஆனால் ஒரு குவளை வெந்நீர் எடுத்துக் கொடுக்க அவனால் இயலாது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களாகிய நாங்கள் சிலர் கூடும் இடங்களில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. ஒரே இடத்தில் நிலம் வாங்கி, அருகருகே சிறு வீடுகள் கட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் துணையாக இருந்தால் என்ன என்பதே அப்பேச்சு. எண்ணம் நல்லதே. ஆனால் பேச்சு தொடங்கிய அரை மணி நேரத்தில் கேள்விகள் எழுந்துவிடுகின்றன. எல்லாருக்கும் ஒரே சமையலா? ஒருவர் வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் அடுத்த வீட்டார் முகம் சுளிக்கலாமா? வெளியூரில் உள்ள மகன் குடும்பத்தோடு வந்து ஆறு மாதம் தங்கலாமா? ஒருவர் காலமான பின் அவ்வீடு யாருக்கு? இக்கேள்விகளுக்கு விடை காணாமல் அடிக்கல் நாட்டுவது, வரப்பு கட்டாத வயலில் நாற்று நடுவதற்கு ஒப்பாகும்.

கூடி வாழ்தல் தமிழர்க்குப் புதிதன்று. திருவள்ளுவர் இருபத்திரண்டாம் அதிகாரத்துக்கு ‘ஒப்புரவறிதல்’ என்று பெயர் சூட்டினார். அப்பெயரின் பிற்பகுதியைக் கவனியுங்கள். ஒப்புரவு என்பது அறிய வேண்டிய ஒன்று. பிறவியிலேயே தானாக வந்துவிடுவதன்று. கூடி வாழும் முறையையும் அவ்வாறே கற்றுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனவே, நமக்கு முன் அதனை முயன்று பார்த்தவர்களின் அனுபவத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

முதலில் செட்டிநாட்டுக்குச் செல்வோம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் நகரத்தார் ஊர்களின் பெருவீடுகளைப் பலர் கண்டிருப்பீர்கள். பர்மாத் தேக்கு, பளிங்குத் தளம், முட்டை வெண்கரு சேர்ந்த சுண்ணாம்புப் பூச்சு என்று அவற்றின் அழகையே பேசிவிட்டு வந்துவிடுகிறோம். நாம் கற்க வேண்டிய பாடம் அவ்வீட்டின் அமைப்பில் இருக்கிறது. முகப்பைக் கடந்தால் வளவு என்னும் திறந்த முற்றம். அதனைச் சூழ வரிசையாக அறைகள். திருமணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை உரியது. முற்றம் எல்லாருக்கும் பொது. அறையின் திறவுகோல் அவனவனுக்கு.

இதனினும் வியப்பான ஏற்பாடு ஒன்று உண்டு. மகனுக்கு மணம் முடிந்த சில காலத்துக்குள் பெற்றோர் அவனையும் மருமகளையும் ‘வேறு வைப்பர்’. வேறு வைத்தல் என்றால் வீட்டை விட்டு வெளியேற்றுவது என்று பொருளன்று. அதே வீட்டில், அதே கூரையின் கீழ், அவர்களுக்குத் தனி அடுப்பு ஏற்படும். ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று பெற்றோர் அளந்து கொடுப்பர். அதனுள் குடும்பம் நடத்துவது இளந்தம்பதியரின் பொறுப்பு. தாயும் தந்தையும் தமக்கென வேறோர் அடுப்பில் சமைத்து உண்பர். இவ்வாறு தனித்து நிற்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு ‘புள்ளி’ எனக் கணக்கிடப்படும். கோயிலுக்குரிய வரியைத் திரட்டுவதும் அப்புள்ளிக் கணக்கைக் கொண்டே. திருமணம், சாந்தி, இறப்பு முதலியவை நேரும்போது வீடு முழுவதும் ஒன்றாகிவிடும். அன்று முற்றம் எல்லாருடைய கூடம்.

இதில் உள்ள நுட்பத்தைப் பாருங்கள். குடும்பச் சண்டையில் பெரும்பகுதி அடுப்பங்கரையில் பிறப்பது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். யார் அதிகம் உண்டார், யார் குறைவாக உழைத்தார், எண்ணெய் ஏன் இத்தனை விரைவில் தீர்ந்தது என்னும் சிறு மனத்தாங்கல்களே பெரும் பிளவாக வளர்கின்றன. ஆகவே நாள்தோறும் உரசக்கூடியதைத் தனியாக்கினார்கள்; எப்போதோ ஒருமுறை வருவதும், ஒருவரால் தாங்க இயலாததுமானவற்றைப் பொதுவாக்கினார்கள்.

ஆயினும் அவ்வமைப்பிலும் குறை இருந்தது. தலைமுறைகள் பெருகப் பெருக ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலராயினர். சிலர் சென்னையில், சிலர் மலேசியாவில், சிலர் அமெரிக்காவில். ஓடு மாற்ற வேண்டுமென்றால் எல்லாரும் பணம் தர வேண்டும். விற்க வேண்டுமென்றால் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். மறுக்கும் உரிமை ஒவ்வொருவரிடத்தும் இருந்தது. பேணும் கடமையை ஏற்பார்தாம் அரிதாயினர். அதன் விளைவாக மழைநீர் இறங்கிச் சிதைந்த வீடுகள் பல. அவற்றின் கதவுகளும் தூண்களும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடக்கின்றன. எல்லாரும் இசைந்தாலன்றி எதுவும் நடவாது என்னும் விதி, பார்வைக்கு நீதியாகத் தோன்றினும், முடிவில் வீட்டையே விழுங்கிவிடக்கூடும்.

இதற்கு நேர் எதிரான ஒரு முயற்சியையும் காண்போம். 1910ஆம் ஆண்டில் கலிலேயக் கடலின் தென்கரையில் டெகானியா என்னும் குடியிருப்பு தோன்றியது. யூத இளைஞர் சிலர் அமைத்த முதல் கிபுட்சு அது. அதனைப் பின்பற்றித் தோன்றியவை இன்று இஸ்ரேலில் ஏறத்தாழ 270 உள்ளன. நிலம் பொது, உழைப்பு பொது, வருவாய் பொது, உணவுக்கூடம் பொது என்பது அவர்கள் கொள்கை. பல கிபுட்சுகளில் குழந்தைகளும் இரவில் பெற்றோரிடம் உறங்காமல் குழந்தைகள் இல்லத்திலேயே உறங்கினர். ஒருவர் தம் அறையில் தேநீர் காய்ச்சிக்கொள்ளத் தனிக் கெண்டி வைத்திருக்கலாமா என்பதுகூடப் பெரிய விவாதமாயிற்று. தனிக் கெண்டி வந்தால் மக்கள் தம் அறையிலேயே தங்கிவிடுவர். உணவுக்கூடம் வெறிச்சோடிவிடும் என்பது எதிர்த்தவர்களின் அச்சம்.

அந்த அச்சம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் மனித இயல்பு அடக்க அடக்க மீறியெழுவது. குழந்தையைத் தன் அருகில் உறங்க வைக்க வேண்டும் என்னும் தாயின் ஆசையைத் தீர்மானம் போட்டு மாற்ற இயலவில்லை. அடுத்து வந்த தலைமுறையினர் அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். 1990களின் இறுதிக்குள் அது மறைந்தே போயிற்று. 1980களில் கடன் சுமையும் சேர்ந்து அழுத்தவே, பல கிபுட்சுகள் தம் விதிகளைத் தளர்த்தின. முன்னோடியாகிய டெகானியாவே 2007இல் சம ஊதிய முறையைக் கைவிட்டு, உறுப்பினர் தம் வருவாயைத் தாமே வைத்துக்கொள்ள இசைந்தது. பொதுமைக்காக மனிதனிடம் மிகுதியாகக் கேட்டால், ஒரு தலைமுறை உவந்து கொடுக்கும். அடுத்த தலைமுறை கணக்குக் கேட்கும்.

இவ்விரு அனுபவங்களுக்கும் இடைப்பட்ட வழியொன்றை டென்மார்க்கு நாட்டார் கண்டனர். யான் குட்மண்ட்-ஹையர் என்னும் கட்டடக் கலைஞர் 1964 முதல் தம் நண்பர்களோடு கூடி இதனைச் சிந்தித்தார். முதலில் வாங்கிய நிலத்தில் கட்ட இயலாதபடி அக்கம்பக்கத்தார் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1967இல் போடில் கிராயே என்னும் பெண்மணி, குழந்தை ஒவ்வொன்றுக்கும் நூறு பெற்றோர் வேண்டும் என்னும் கருத்தமைந்த தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். அதனைப் படித்த குடும்பங்கள் பல ஆர்வத்தோடு முன்வந்தன. 1972இல் கோபன்ஹேகனுக்கு வடக்கே சேட்டடாமன் என்னுமிடத்தில் 27 வீடுகள் கொண்ட குடியிருப்பு எழுந்தது. பின்னர் அமெரிக்கர் இருவர் 1988இல் எழுதிய நூலின் வாயிலாகக் கோஹவுசிங் என்னும் பெயரில் இம்முறை உலகெங்கும் பரவியது. நாம் இதனைக் கூடிவாழ் குடியிருப்பு என்று சொல்லலாம்.

இதன் அமைப்பு எவ்வாறெனில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமையலறையோடு கூடிய தனி வீடு, வருவாய் அவரவருடையது. நடுவில் பொது வீடு ஒன்று. அதில் பெரிய சமையலறை, உணவுக்கூடம், குழந்தைகள் ஆடும் இடம், துணி வெளுக்கும் இடம் முதலியவை. வாகனங்களை எல்லையிலேயே நிறுத்திவிட வேண்டும். வீடுகளுக்கிடையே நடைபாதையே இருக்கும். வாரத்தில் சில மாலைகள் பொது உணவு. வருவதும் வராததும் அவரவர் விருப்பம். ஆனால் சமைக்கும் முறை வரும்போது தவிர்க்கலாகாது. குடும்பங்கள் பல இருப்பதால், ஒரு வீட்டாருக்கு மாதத்தில் ஒரிரு நாள் உழைப்பு. மற்ற நாள்களில் ஆக்கிய சோறு காத்திருக்கும்.

செட்டிநாட்டு வளவையும் இதனையும் ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டிலும் தனி அடுப்பு உண்டு, பொது முற்றம் உண்டு. வேறுபாடு யாதெனில், வளவில் கூடியவர்கள் பிறப்பால் சேர்ந்தவர்கள். டென்மார்க்கில் கூடியவர்கள் விருப்பத்தால் சேர்ந்தவர்கள். பிறப்பால் சேர்ந்த இடத்தில் அதிகாரம் வயதுக்கும் ஆணுக்கும் சென்றது. நம் பழைய கூட்டுக் குடும்பத்தின் பெருமையைப் பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அங்கே விட்டுக்கொடுத்தல் என்பது எல்லார்மீதும் சமமாக விழவில்லை. பெரும்பாலும் இளைய மருமகளின் தலைமேல் விழுந்தது. எல்லாரும் உண்டபின் உண்பதும், எல்லாரும் உறங்கியபின் உறங்குவதும் அவள் பங்கு. அதனை ஒற்றுமை என்று நாம் புகழ்ந்தோம். ஒருவரே நாள்தோறும் விட்டுக்கொடுப்பது ஒப்புரவு ஆகாது.

பிறப்பாலும் அன்றி, விருப்பத்தாலும் அன்றி, அரசின் ஒதுக்கீட்டால் மக்கள் சேர்ந்து வாழ்ந்த முயற்சியொன்று நம் மாநிலத்திலேயே உண்டு. அதுவே பெரியார் நினைவு சமத்துவபுரம். 1997இல் தொடங்கிய இத்திட்டத்தின் முதற் குடியிருப்பு 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. ஒரு சமத்துவபுரத்தில் 100 வீடுகள். 40 ஆதிதிராவிடர்க்கு, 25 பிற்படுத்தப்பட்டோர்க்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு, 10 ஏனையோர்க்கு. ஒரு சாதியார் ஒரு தெரு என்னும் பழைய ஏற்பாட்டுக்கு இங்கே இடமில்லை. சமுதாயக் கூடம் பொது, சுடுகாடும் பொது. எந்தச் சமயத்துக்கும் பொது வழிபாட்டிடம் அமைப்பதில்லை. வீட்டினுள் அவரவர் விரும்பிய தெய்வத்தை வணங்கத் தடையில்லை. தனிமைக்கும் பொதுமைக்கும் இடையே கோடு எங்கே கிழிப்பது என்பதற்கு இது ஓர் ஆழ்ந்த விடை. எது சுவருக்குள் அடங்குமோ அது தனி. எது பிறரை விலக்கி நிறுத்துமோ அதற்குப் பொதுவிடத்தில் இடமில்லை. நாங்கள் எங்களுக்குள் ஒத்த மனமுடையாரையே சேர்த்துக்கொள்வோம் என்று குடியிருப்பு அமைக்கப் புகுவோர், ஒத்த மனம் என்னும் சொல்லுக்குள் ஒத்த சாதி ஒளிந்திருக்கிறதா என்று தம்மையே வினவிக்கொள்ளுதல் நலம்.

இனி, 1968 பிப்ரவரி 28இல் தோன்றிய ஆரோவில்லையும் ஒரு கணம் நினைப்போம். பல நாட்டார் கூடி வாழும் அந்நகரில் வீடு கட்டியவருக்கும் அவ்வீடு சொந்தமன்று. காத்துப் பேணும் பொறுப்பே அவருடையது. முடிவுகளை யாவரும் இசைந்து எடுக்க வேண்டும் என்பது அங்குள்ளோர் பலரின் விருப்பம். அதே வேளையில் 1988ஆம் ஆண்டின் சட்டப்படி ஆட்சிக்குழு ஒன்றும், குடியிருப்போர் பேரவை ஒன்றும் உண்டு. 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காக மரங்கள் அகற்றப்பட்டபோது, கடைசிச் சொல் யாருடையது என்னும் கேள்வி பூசலாக வெடித்தது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் சென்று, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. எவர் பக்கம் நியாயம் என்று இங்கே நாம் தீர்ப்புக் கூறப் புகவில்லை. மனம் ஒத்திருக்கும் நாளிலேயே, மனம் ஒவ்வாத நாளுக்கான வழியைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

இவ்வளவு தொலைவு போவானேன், நம் மாவட்டத்துக் கூட்டுக்கிணறே போதிய ஆசான் என்பேன். ஒரே கிணற்றில் நான்கு பங்காளிகள். இன்னாருக்கு இன்ன நாள் என்று நீர்முறை. அவரவர் முறையில் கரும்புக்குப் பாய்ச்சினாலும் கேழ்வரகுக்குப் பாய்ச்சினாலும் கேட்பாரில்லை. ஆனால் தூர் வாரும்போது நால்வரும் கூலி தர வேண்டும். இம்முறை பல காலம் நடந்தது. பின்னர் வசதியுள்ள பங்காளி ஒருவர் தம் வயலில் ஆழ்துளைக் கிணறு இறக்கினார். இனி யாரிடமும் முறை கேட்க வேண்டாம் என்பது அவர் மகிழ்ச்சி. தூர் வாரும் செலவுக்கு அவர் வரவில்லை. மற்றொருவரும் அவ்வழியே சென்றார். நிலத்தடி நீர் இறங்கியது, கூட்டுக்கிணறு வறண்டது, துளையிட வசதியற்ற கடைசிப் பங்காளியின் வயல் தரிசாயிற்று. சில ஆண்டுகளில் முதலில் துளையிட்டவரும் இன்னும் ஆழமாகத் துளையிடக் கடன் வாங்கினார். இத்தகைய கதையை நம் வட்டாரத்தில் அறியாதார் இல்லை. வசதியுள்ளவர் பணத்தால் விலகிக்கொள்ளும்போது, பொதுவின் பாரம் வசதியற்றவர்மேல் இறங்குகிறது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால், கூடி வாழ விரும்புவோர் கைக்கொள்ள வேண்டியவை நான்கு எனலாம்.

முதலாவது, தனியுரிமையின் எல்லை. உணவு, உறக்கம், வழிபாடு, விருந்தினர், வருவாய் ஆகியவை வீட்டுக்குள்ளே இருக்கட்டும். இவற்றில் பெரும்பான்மை வாக்குக்கு இடமில்லை என்று முன்பே எழுதிவிடுதல் வேண்டும். மீன் குழம்பு வைக்கலாமா என்பது கூட்டத்தில் தீர்மானிக்கும் பொருளன்று. புகைபோக்கி எங்கே வைப்பது என்பதைக் கூட்டம் பேசலாம்.

இரண்டாவது, பொதுக்கடமை. கிணறு, மின்விளக்கு, குப்பை, இரவில் நோயுற்றார்க்குத் துணை ஆகியவற்றில் விலக்கு எவர்க்கும் இல்லை. பணம் கொடுத்து உழைப்பிலிருந்து விலகலாமா என்பதையும் முடிவு செய்தல் வேண்டும். உடல் தளர்ந்தவர்க்கு இலகுவான பணி தரலாம். கணக்கெழுதுவதும் குழந்தைக்குப் பாடம் சொல்வதும் பணியே. ஆனால் முறைப்பட்டியலில் ஆண் பெண் என்னும் வேறுபாடு கூடாது. சமையல் முறை வரும் நாளில் ஆசிரியர் அமர்ந்திருக்க, ஆசிரியரின் மனைவி மட்டும் அடுப்பூதுவதாயின், பழைய கூட்டுக் குடும்பத்தையே புதிய கட்டடத்தில் குடியேற்றியவர் ஆவோம்.

மூன்றாவது, முடிவெடுக்கும் முறை. முதலில் எல்லாரும் இசையும்வரை பேசுக. அதற்கு ஒரு காலவரையறை வைத்துக்கொள்க. அதற்குள் இசைவு வாராவிடின் மூன்றில் இரண்டு பங்கினர் முடிவு செல்லட்டும். நம் மாநிலத்தில் 2022இல் இயற்றப்பெற்று, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டமும், பழங்கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்கு இந்த மூன்றில் இரண்டு பங்கு இசைவையே அளவாகக் கொண்டிருக்கிறது. ஒருவருடைய பிடிவாதத்தால் கூரை எல்லார் தலைமேலும் விழாதிருக்க இவ்விதி உதவும். ஒருவர் பிரிந்து செல்ல விரும்பினால் அவர் பங்கை எவ்விலைக்கு யார் பெறுவது என்பதையும் அப்போதே எழுதிவைக்க வேண்டும். கௌரவமாக வெளியேற வழியுள்ள இடத்தில்தான் மனிதன் மனமுவந்து தங்குவான்.

நான்காவது, கணக்கு. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையால் வாரியத்துக்கு ஆளெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் இடம் பெறலாகாது, பதவியும் ஓராண்டுக்கே. அச்சபை எல்லாக் குடிகளுக்கும் உரியதாக இருக்கவில்லை என்பது உண்மையே. எனினும் அவ்விதி ஆயிரம் ஆண்டு கடந்தும் பழுதுபடவில்லை. கூட்டு வாழ்வைக் குலைப்பதில் கொள்கை வேறுபாட்டைக் காட்டிலும் எழுதாத கணக்கே வலியது. மாதந்தோறும் வரவு செலவைப் பொதுக்கூடத்துச் சுவரில் ஒட்டிவிட்டால், பாதி மனத்தாங்கல் பிறவாமலே போகும்.

விதிகளை எழுதிவிட்டால் மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. விதி என்பது வரப்பு, விளைவது வயலில். பக்கத்து வீட்டுப் பாட்டி காலையில் கதவைத் திறக்கவில்லையே என்று கவனிக்கும் கண்ணை எந்த விதியும் கொடுக்காது. ஆனால் வரப்பு ஒழுங்காக இருக்கும் இடத்தில் அயலார்மேல் ஐயம் இராது. ஐயம் இல்லாத இடத்தில் அக்கறை வளர இடமுண்டு.

ஆதலின், நிலம் வாங்கப் புறப்படும் அன்பர்களுக்கு ஒரு சொல். பத்திரப் பதிவுக்கு முன்னே மூன்று மாதம் வாரந்தோறும் கூடுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் முறைவைத்துச் சமைக்கட்டும், ஒருவர் கணக்கெழுதட்டும். வீட்டுப் பெண்மக்களும் உடன் அமர்ந்து தம் கருத்தைத் தாமே கூறட்டும். அந்த மூன்று மாதத்தில் எவரும் முறை தவறாமலும், எழுந்த பிணக்குகள் பேசித் தீர்ந்தும் வந்தால், அதன்பின் பதிவு அலுவலகத்துக்குச் செல்லலாம். தீரவில்லையாயின், நண்பர்களாகவே தத்தம் வீட்டில் இருந்துவிடலாம்; அதுவும் நட்டமன்று.